பிராவோவுக்கு விஷம் வைத்தது யார்? சந்தேகத்தை எடை போடுவது எப்படி

தெற்கு லண்டனில் பால்ஹம் என்று ஒரு பகுதி. அங்கே பெட்ஃபோர்ட் ஹோட்டலில் 23 நாள் நடந்த மரண விசாரணை 1876 ஆகஸ்ட் 11-ம் தேதி முடிந்தது. ஜூரிகள் சொன்ன தீர்ப்பு விசித்திரமானது. சார்லஸ் பிராவோ தற்கொலை செய்துகொள்ளவில்லை. தவறிப்போய் எதையும் குடித்துச் சாகவும் இல்லை. டார்ட்டார் எமெடிக் என்ற விஷத்தைக் கொடுத்து யாரோ வேண்டுமென்றே கொன்றிருக்கிறார்கள். ஆனால் இன்னார்தான் என்று சொல்லப் போதிய சாட்சியம் இல்லை. அத்துடன் எல்லோரும் கலைந்து போனார்கள். அன்றிலிருந்து ஏறத்தாழ 150 வருடமாக ஆளுக்கொரு குற்றவாளியைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

துப்புத் துலங்காத பழைய கொலைகளில் ஆர்வம் வந்தவர்கள் முதலில் செய்வது ஒன்றுதான். மனதுக்குப் பிடித்த ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து, அவருக்குப் பொருந்துவதையெல்லாம் பொறுக்கிச் சேர்ப்பார்கள். பொருந்தாதது கண்ணிலேயே படாது. அப்படிச் செய்யாமல் சந்தேகப்படுகிறவர்களை ஒழுங்காக எடை போடுவது எப்படி? பழகிப் பார்க்க பிராவோ வழக்கு தோதானது. ஒரே வீடு, ஒரே ராத்திரி, ஆட்களும் அதிகமில்லை. முக்கியமானவர்கள் எல்லோரும் சத்தியம் செய்து சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் கதை. ஃபிளாரன்ஸ் பணக்கார வீட்டுப் பெண். முதல் கணவர் ரிக்கார்டோ ராணுவ கேப்டன், பெருங்குடிகாரர். 1871-ல் அவர் இறந்ததும் ஃபிளாரன்ஸ் கைக்கு 40,000 பவுண்டு வந்தது. அந்தக் காலத்தில் அது மலைக்கவைக்கும் தொகை. அதற்கு முன்பே மால்வெர்ன் ஊரில் நீர் சிகிச்சை செய்துவந்த டாக்டர் ஜேம்ஸ் கல்லியோடு அவருக்கு உறவு ஏற்பட்டிருந்தது. கல்லி அன்று இங்கிலாந்து முழுக்கப் பெயர் பெற்றவர், சார்லஸ் டார்வினுக்கே வைத்தியம் பார்த்தவர். வயதில் ஃபிளாரன்ஸைவிட 37 வருடம் மூத்தவர். அந்த உறவால் ஃபிளாரன்ஸை ஊர் ஒதுக்கிவைத்தது, பெற்றோரும் முகம் கொடுக்கவில்லை. மரியாதை திரும்ப வேண்டுமென்றால் கல்யாணம்தான் வழி. 1875 டிசம்பர் 7 அன்று சார்லஸ் பிராவோ என்ற இளம் பாரிஸ்டரை மணந்தார். கல்லி விஷயத்தை அவரிடம் முன்பே சொல்லிவிட்டார். சார்லஸுக்கும் ஒரு பழைய கதை இருந்தது, அவரும் சொல்லிவிட்டார். பால்ஹமில் ‘பிரையரி’ என்ற பெரிய வீட்டில் குடியேறினார்கள். ஃபிளாரன்ஸுக்குத் துணையாக ஜேன் காக்ஸ் என்ற விதவை ஏற்கெனவே கூடவே இருந்தார். கல்லியின் வீடும் அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில்தான்!

1876 ஏப்ரல் 18, செவ்வாய்க்கிழமை. இரவுச் சாப்பாட்டில் சார்லஸ் பர்கண்டி ஒயின் குடித்தார், பெண்கள் இருவரும் ஷெர்ரி. சில நாட்களுக்கு முன்புதான் ஃபிளாரன்ஸுக்கு இரண்டாவது முறை கரு கலைந்திருந்தது. அதனால் காக்ஸ் அவரோடு பெரிய படுக்கையறையில் படுத்தார், சார்லஸுக்குப் பக்கத்து அறை. சுமார் ஒன்பதரை மணிக்கு சார்லஸ் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, “ஃபிளாரன்ஸ்! வெந்நீர்!” என்று கத்தினார். ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தார், நினைவிழந்து விழுந்தார். அதன்பின் இரண்டரை நாள் சித்திரவதை. ஆறு டாக்டர்கள் வந்து பார்த்தும் வெள்ளிக்கிழமை விடிகாலையில் உயிர் போனது. வயது 30. ஜன்னலுக்குக் கீழே கூரைத் தகட்டில் கிடந்த வாந்தியை எடுத்து வைத்திருந்தார்கள். அதைப் பேராசிரியர் ரெட்வுட் சோதித்தபோது ஆன்டிமனி தெரிந்தது. டார்ட்டார் எமெடிக் என்பது ஆன்டிமனியின் ஓர் உப்பு. தண்ணீரில் நன்றாகக் கரையும், நிறம் இல்லை, சுவையும் இல்லை என்றே சொல்லலாம். அவர் உடலுக்குள் போனது ஒரு டீஸ்பூன்கூட இருக்காது. அதற்கே இந்த வேதனை.

சரி, யார் செய்தது? இந்தக் கேள்விக்கு இப்போதே போகக்கூடாது. கொலைதானா என்பதை முதலில் தீர்க்க வேண்டும். தற்கொலை, விபத்து இரண்டையும் தராசில் வைக்காமல் ஆட்களை வரிசையாக நிறுத்தினால், யாராவது ஒருவர் குற்றவாளி என்று ஆரம்பத்திலேயே முடிவு கட்டிவிட்டதாக ஆகும்.

தற்கொலை என்று சொன்னவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. விக்டோரியா மகாராணியின் மருத்துவர் சர் வில்லியம் கல் வியாழக்கிழமை வந்து சார்லஸைப் பார்த்தார். (கல்லி வேறு, கல் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) “இது நோய் இல்லை, உங்களுக்கு விஷம் ஏறியிருக்கிறது” என்று நேராகவே சொன்னார். பல்வலிக்கு ஈறில் லாடனம் தேய்த்தேன், அதைத் தவிர எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை என்று சார்லஸ் பதில் சொன்னார். லாடனம் என்பது அபின் கலந்த மருந்து, அன்று மருந்துக்கடையில் சர்வ சாதாரணமாகக் கிடைத்தது. யார் எனக்கு விஷம் வைத்தார்கள் என்று சார்லஸ் பதறிப்போய்க் கேட்காததுதான் சர் வில்லியமுக்கு உறுத்தியது. அவர் மனம் தற்கொலைப் பக்கம் சாய்ந்தது.

எடை போடுவதற்கான அடிப்படைக் கேள்வியை இங்கேயே அறிமுகப்படுத்திவிடலாம். எந்தத் தடயம் கையில் கிடைத்தாலும் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். இந்தக் கருத்து உண்மை என்றால் இப்படி நடக்குமா? பொய் என்றாலும் இப்படி நடக்குமா? இரண்டுக்கும் ‘நடக்கலாம்’ என்பதே பதில் என்றால், கேட்பதற்கு எவ்வளவு பரபரப்பாக இருந்தாலும் அந்தத் தடயத்துக்கு எடை கிடையாது.

சார்லஸ் பதறாததை இப்படிப் பார்ப்போம். தானே விஷம் குடித்தவர் பதற மாட்டார், உண்மைதான். ஆனால் குடல் வெந்து மூன்றாவது நாளாகச் செத்துக்கொண்டிருக்கிறவருக்கு எந்த டாக்டர் எதைச் சொன்னாலும் பதறத் தெம்பு இருக்குமா? ஆகவே இதற்குப் பெரிய எடை இல்லை. மறுபக்கம் பாருங்கள். சாகப்போகிறோம் என்று தெரிந்த பிறகும், திரும்பத் திரும்பக் கேட்ட பிறகும், பிரார்த்தனை சொல்லிக்கொண்டிருந்த நேரத்திலும் அவர் ‘லாடனம் மட்டும்தான்’ என்பதை மாற்றவில்லை. அவர் அந்த விஷத்தை வாங்கியதாக எந்தச் சுவடும் அகப்படவில்லை. தற்கொலை செய்துகொள்கிறவர் முதல் வலியிலேயே கதவைத் திறந்து வெந்நீர் கேட்டு அலறுவதும் இடிக்கிறது. இவை தற்கொலை என்றால் எதிர்பார்க்க முடியாதவை. அதனால் கனமானவை.

விபத்து என்பதும் அப்படித்தான். லாடனத்தை விழுங்கிவிட்டோமோ என்று பயந்து, வாந்தி வரவழைக்க டார்ட்டார் எமெடிக்கைக் கலக்கிக் குடித்து, அளவு தப்பிவிட்டது என்று ஒரு வாதம் உண்டு. கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உயிர் போகிற நேரத்தில் “நான் இன்ன மருந்து குடித்தேன்” என்று டாக்டரிடம் சொல்வதற்கு அவருக்கு என்ன தடை? லாடனத்தை ஒளிக்காதவர் இதை மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்?

ஆக, கொலை. இனி ஆட்கள். துப்பறியும் கதை படித்தவர்களுக்கெல்லாம் தெரிந்த மூன்று அளவுகோல்கள் உண்டு. கொல்லக் காரணம் இருந்ததா, கொல்லும் பொருள் கைக்கு எட்டியதா, அந்த நேரத்தில் அந்த இடத்துக்குப் போக முடிந்ததா. மூன்றையும் சமமாக வைத்துக் கூட்டுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. என் கணக்கில் காரணம்தான் மூன்றிலும் இளைத்தது. ஆனால் அதைப் பற்றித்தான் எல்லோரும் அதிகம் பேசுகிறார்கள், ஏனென்றால் அதில்தான் கதை இருக்கிறது. யாருடைய வாழ்க்கையைக் கிளறினாலும் பக்கத்தில் இருக்கிறவர்மீது ஒரு கோபமோ பொறாமையோ பண விவகாரமோ கிடைக்கும். கோபம் இருக்கிறவர்களில் லட்சத்தில் ஒருவர்கூடக் கொலை செய்வதில்லை.

ஜார்ஜ் கிரிஃபித்ஸ் என்ற வண்டிக்காரர் இதற்கு நல்ல உதாரணம். முன்பு கல்லியிடம் வேலை பார்த்தவர், பிறகு ஃபிளாரன்ஸிடம் வந்தவர். சார்லஸ் அவரை வேலையைவிட்டு நீக்கினார். திருமணத்தை ஒட்டிய நாட்களில், பின்னால் விசாரணை நடந்த அதே பெட்ஃபோர்ட் ஹோட்டலின் மது அருந்தும் இடத்தில், “பிராவோ இன்னும் நாலு மாசம் தாங்க மாட்டார்” என்று இவர் சொல்லியிருக்கிறார். சார்லஸ் நாலரை மாதத்தில் செத்தார். அதோடு போகவில்லை, குதிரைகளுக்குக் கொடுக்க டார்ட்டார் எமெடிக் வாங்கி வைத்திருந்தவரும் இவரே! அந்தக் காலத்தில் குதிரை வைத்தியத்தில் அதற்கு நல்ல புழக்கம்.

காரணம் இருக்கிறது, பொருள் இருக்கிறது, வாயால் சொன்னதும் இருக்கிறது. ஆனால் சார்லஸ் விழுந்த ராத்திரி கிரிஃபித்ஸ் கென்ட் மாவட்டத்தில் வேறு இடத்தில் வேலையில் இருந்தார். அத்துடன் அவர் பெயரை எடுத்துவிட வேண்டியதுதான். வேலை போன கோபத்தில் குடித்துவிட்டுச் சாபம் விடுவதை நிரபராதியும் செய்வார். வீட்டில் நகை காணவில்லை என்றால் முதலில் வேலைக்காரம்மாவைப் பார்க்கிற புத்திதான், கிரிஃபித்ஸ் பெயரை இன்னும் பட்டியலில் வைத்திருக்கிறது.

போக முடிந்ததா என்ற கேள்வி எவ்வளவு பலமானது என்பதற்கு வெளியிலிருந்தும் ஒரு சான்று தரலாம். 1888-ல் நடந்த ‘ஜாக் தி ரிப்பர்’ கொலைகளுக்கு ஆறு வருடம் கழித்து, ஸ்காட்லாந்து யார்டின் உயர் அதிகாரி மெல்வில் மெக்நாட்டன் மூன்று பேரைக் குறிப்பிட்டு ஒரு குறிப்பு எழுதினார். அதில் ஒருவர் மைக்கேல் ஆஸ்ட்ராக் என்ற மோசடிக்காரர். கொலைகள் நடந்த சமயத்தில் அந்த ஆள் பிரான்சில் சிறையில் இருந்தது வெகுகாலம் கழித்துத் தெரியவந்தது. இன்னொருவரான மான்டகு ட்ரூயிட்டை டாக்டர் என்றும் 41 வயது என்றும் எழுதியிருந்தார். ட்ரூயிட் பாரிஸ்டர், பள்ளியிலும் பாடம் நடத்தியவர், வயது 31. இவ்வளவு பெரிய அதிகாரி எழுதிய காகிதமே இந்த லட்சணம் என்றால், சொன்னவர் யார் என்பதைப் பார்த்து மலைத்துப் போகாமல் சொன்னதைச் சரிபார்க்க வேண்டும்.

பிராவோ வீட்டுக்குத் திரும்புவோம். அங்கே சந்தர்ப்பத்தை எப்படிக் கணக்கிடுவது? விஷம் வேலை செய்யும் வேகத்தை வைத்துத்தான். இந்த அளவு ஆன்டிமனி வயிற்றுக்குள் போனால் நீண்ட நேரம் சும்மா இருக்காது, கால் மணி அரை மணிக்குள் ஆட்டிவைத்துவிடும். சாப்பாடு முடிந்தது எட்டரை வாக்கில், வலி வந்தது ஒன்பதரைக்கு. பர்கண்டியில் கலந்திருந்தால் மேஜையிலேயோ எழுந்த சற்று நேரத்திலேயோ தெரிந்திருக்கும். மற்றொரு பக்கம், படுக்கப்போகும்போது கட்டில் பக்கத்தில் இருக்கும் குடுவையிலிருந்து தண்ணீர் குடிப்பது சார்லஸின் வழக்கம். சுவையில்லாத, நிறமில்லாத, தண்ணீரில் கரையும் பொருள். எனக்கு ஒயினைவிடக் குடுவைதான் பொருத்தமாகப் படுகிறது.

குடுவை என்றால் அன்று மாலை மாடியில் சார்லஸின் அறைக்குள் போய்வந்தாலும் யாரும் ஏன் என்று கேட்காத ஆள் வேண்டும். டாக்டர் கல்லி இங்கேதான் அடிபடுகிறார். காதலியைப் பறிகொடுத்தவர், மருந்துகளை அறிந்தவர், வீடோ பக்கத்தில். கதைக்கு இவரைவிடத் தோதான வில்லன் கிடைக்கமாட்டார். ஆனால் அந்த வீட்டுக்குள் அவர் காலெடுத்து வைத்ததற்குச் சான்று இல்லை. சார்லஸைத் தான் சந்தித்ததே இல்லை என்றார். அவரைக் குற்றவாளியாக்க வேண்டுமானால் வீட்டுக்குள் ஒருவர் அவருக்காகச் செய்தார் என்று சேர்க்க வேண்டும். ஒரு கருத்து நிற்பதற்கு இப்படி முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தால், ஒவ்வொரு முட்டுக்கும் அதன் எடை குறையும். விசாரணையில் அவரையும் ஃபிளாரன்ஸையும் பழைய உறவைப் பற்றிக் கேட்டு நார் நாராகக் கிழித்தார்கள். கல்லியின் பெயர் அத்துடன் போயிற்று. ஜூரிகள் தேடவேண்டிய விஷத்துக்கும் அந்தக் கேள்விகளில் பாதிக்கும் சம்பந்தமே இல்லை.

மிஞ்சுவது வீட்டுக்குள் இருந்த இரண்டு பெண்கள். வேலையாட்கள் இருந்தார்கள்தான், ஆனால் அவர்கள்மீது எதுவும் நிற்கவில்லை.

ஜேன் காக்ஸ். மூன்று மகன்களை வைத்துக்கொண்டு பிழைக்க வழி தேடியவர். ஃபிளாரன்ஸ் வீட்டில் வேலைக்காரி மாதிரி இல்லாமல் தோழியாக வாழ்ந்தார். செலவைக் குறைக்க அவரை அனுப்பிவிட வேண்டும் என்பது சார்லஸின் திட்டம். இது காரணம். ஆனால் முன்பு சொன்னபடி, காரணத்துக்கு அதிக எடை தராதீர்கள். காக்ஸ் விஷயத்தில் கனமானது அவர் பேச்சு. சார்லஸ் ஜன்னலருகே நின்றபோது, “விஷம் குடித்துவிட்டேன், ஃபிளாரன்ஸிடம் சொல்லாதீர்கள்” என்று தன்னிடம் சொன்னதாகக் காக்ஸ் சாட்சியம் தந்தார். அதை வேறு யாரும் கேட்கவில்லை. முதலில் வந்த டாக்டர்களிடம் அவர் இதைச் சொல்லவில்லை, குளோரோஃபாம் குடித்திருப்பார் என்று நினைக்கிறேன் என்றார். பல மணி நேரம் கழித்து, சார்லஸின் உறவினரான டாக்டர் ராய்ஸ் பெல் வந்த பிறகுதான் ‘விஷம்’ வெளியே வந்தது. மரண விசாரணை இரண்டு முறை நடந்தது. பெட்ஃபோர்ட் ஹோட்டலில் நடந்த இரண்டாவது விசாரணையில் அந்த வாக்கியம் வளர்ந்து, சார்லஸ் கல்லியை முன்னிட்டுக் குடித்ததாகவே ஆயிற்று. டாக்டரை அழைக்கச் சொன்னபோதும், பக்கத்தில் இருந்த மூரை விட்டுவிட்டு ஸ்ட்ரெத்தமில் இருந்த ஹாரிசனுக்கு ஆள் அனுப்பினார்.

இரண்டு பக்கமும் கேளுங்கள். குற்றவாளி என்றால் தற்கொலைக் கதை கட்டுவார், அது சரியாகப் பொருந்துகிறது. நிரபராதி என்றால்? எஜமானியின் மானம் போகக்கூடாது என்று கல்லியின் பெயரை முதலில் மறைத்திருக்கலாம், பிறகு கேள்வி நெருக்கியதும் சொல்லியிருக்கலாம். குடும்பத்துக்குத் தெரிந்த டாக்டர் என்பதால் ஹாரிசனைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் மயங்கிக் கிடப்பவருக்கு வைத்தியம் பார்க்க வந்தவரிடம் ‘விஷம்’ என்ற ஒரு சொல்லை மறைத்தால் ஆளே செத்துப்போவார். விசுவாசத்தில் அதை மறைத்தார் என்பதை என்னால் எளிதில் ஏற்க முடியவில்லை. இரு பக்கமும் விளக்கம் சொல்லலாம் என்றாலும் தட்டு ஒரு பக்கம் இறங்கத்தான் செய்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தற்கொலை என்ற கருத்துக்கு இருந்த நேரடிச் சான்று காக்ஸின் இந்தச் சாட்சியம் ஒன்றுதான். சந்தேகத்துக்கு உரியவரே ஒரே சாட்சியாகவும் இருந்தால், அவர் சொன்னதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு மிச்சத்தை வைத்து வழக்கு நிற்கிறதா என்று பார்ப்பதே முறை. இங்கே மிச்சத்தில் தற்கொலை நிற்கவில்லை.

ஃபிளாரன்ஸுக்கும் காரணங்கள் இல்லாமல் இல்லை. பணத்தை யார் ஆளுவது என்பதில் திருமணத்துக்கு முன்பிருந்தே இழுபறி. ஐந்தே மாதத்துக்குள் இரண்டு முறை கரு கலைந்து உடம்பு நொந்திருந்தது. மூன்றாவது கர்ப்பம் வந்தால் உயிருக்கே ஆபத்து என்று அவர் பயந்திருக்கலாம். விவாகரத்து என்பது அன்று பெண்களுக்கு எளிதில் கிடைக்காத ஒன்று. குதிரை லாயம் அவருடையது, முன்பு அதில் என்னென்ன இருந்தன என்று தெரிந்திருக்க முடியும். ஆனால் சார்லஸ் விழுந்த பிறகு அவர் நடந்துகொண்ட விதம் எதிர்த் திசையில் இழுக்கிறது. எழுப்பப்பட்டதும் பக்கத்து டாக்டர் மூரை உடனே கூப்பிடச் சொன்னது அவர்தான். சர் வில்லியமுக்குக் கடிதம் எழுதி வரவழைத்ததும் அவர்தான். நாட்டிலேயே பேர்போன டாக்டரைக் கூப்பிட்டால் விஷம் அம்பலமாகும் வாய்ப்பு கூடும். நடிப்பு என்று வாதாடலாம், ஆனால் மிகவும் ஆபத்தான நடிப்பு. முழுவதும் தள்ளிவிட முடியாவிட்டாலும் அவருக்குச் சாதகமாக ஓரளவு எடை வைத்தே ஆக வேண்டும்.

இருவரும் சேர்ந்து செய்தார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. ஒருவர் கலந்தார், மற்றவர் மறைத்தார் என்பது கேட்கக் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் சேர்ந்து செய்தவர்கள் முன்கூட்டியே ஒரே கதையைத் தயார் செய்திருப்பார்கள். இங்கே காக்ஸ் ஹாரிசனை அழைக்கிறார், ஃபிளாரன்ஸ் மூரை அழைக்கிறார். காக்ஸ் குளோரோஃபாம் என்கிறார், ஃபிளாரன்ஸ் டாக்டர்களைக் கூட்டிக்கொண்டே போகிறார். ஒத்திகை பார்த்த கூட்டு மாதிரி இது தெரியவில்லை. ஒருவர் செய்துவிட, மற்றவர் பிறகு ஊகித்து வாயை மூடிக்கொண்டார் என்றால் கொஞ்சம் நம்பலாம்.

என் கணக்கில் காக்ஸ் முன்னால் நிற்கிறார், ஃபிளாரன்ஸ் சற்றுப் பின்னால், கல்லி வெகு தூரத்தில், கிரிஃபித்ஸ் பட்டியலிலேயே இல்லை. ஆனால் முன்னால் நிற்பது வேறு, குற்றவாளி என்று தீர்ப்பது வேறு. விஷத்தை வாங்கிய ரசீதோ, மாடியில் குடுவைப் பக்கம் ஒருவரைப் பார்த்த கண்ணோ, எந்தச் சாட்சியும் யார் விஷயத்திலும் இல்லை. காக்ஸைக் கூண்டில் ஏற்றியிருந்தால், அதே மாடியில் அதே இரவு இருந்த ஃபிளாரன்ஸைக் காட்டியே அவர் வக்கீல் தப்பவைத்திருப்பார். ஃபிளாரன்ஸை ஏற்றியிருந்தால், பேச்சை மாற்றிக்கொண்டே போன காக்ஸைக் காட்டியிருப்பார்கள். ஒருவர்மேல் விழுந்த சந்தேகமே இன்னொருவருக்குக் கவசம். அன்றைய ஜூரிகள் கொலை என்று துணிந்து சொல்லிவிட்டு, ஆளைச் சொல்லாமல் நிறுத்தியது சரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.